ஒரம்பரையைத் தேடி

(நமது பங்கின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெறவிருக்கும் குடும்ப ஒன்றுகூடல் நாளுக்கு ஆயத்தமாக, ஞாயிறு மாலைச் செபமாலைக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கொடியேற்றத்துக்கு அடுத்து வரும் சனிக்கிழமையைக் குடும்ப நாளாகக் கொண்டாடுவது என்று விழாக் குழுவினர் முடிவு செய்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். இந்த மண்ணில் திருமுழுக்குப் பெற்று, பிழைப்புக்காகவும் வாழ்க்கைப்பட்டும் வெளியூர் போனவர்களை எல்லாம் அன்று இங்கே வரவழைத்து, ஒரே திருப்பலியில் பங்குபெறச் செய்து, ஒரே பந்தியில் உட்கார வைப்பது என்பது ஏற்பாடு. குழுவினர் சுறுசுறுப்பானவர்கள். பந்தல், ஒலிபெருக்கி, எத்தனை மூட்டை அரிசி என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "யாரையெல்லாம் கூப்பிடுகிறீர்கள்?" "எல்லாரையும்தானுங்க சாமி" என்றார்கள். "எல்லாரும் என்றால் யார் யார்?" என்றேன். பதில் வரவில்லை. கடைசியில் ஒரு பெரியவர், "மூணு தலைமுறைக்கு முன்னால போனவிய இப்ப எங்கிருக்காங்கன்னு யாருங்க கண்டா?" என்றார். அவருடைய கேள்வியைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

நம் கொங்குச் சீமையில் உறவினரையும் விருந்தாளியையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். "வீட்டுக்கு ஒரம்பரை வந்திருக்காங்க" என்போம். வருவதும் போவதுமாக இருக்கும் வரைதான் அந்தச் சொல்லுக்கு உயிர். வராமல் நின்றுவிட்டவரை என்ன சொல்லி அழைப்பது என்று நம் பேச்சில் சொல்லே இல்லை. "அவியளுக்கும் நமக்கும் போக்குவரத்தில்லை" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறோம்.

ஜூபிலி கொண்டாடுகிற நாம் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தில், ஐம்பதாம் ஆண்டு வந்ததும், பாவக்கழுவாய் நாளன்று நாடெங்கும் கொம்பு ஊத வேண்டும் என்று ஆண்டவர் மோயீசன் வழியாகக் கட்டளையிடுகிறார். அந்த ஆண்டில் நடக்க வேண்டியவை என்னென்ன? வறுமையால் விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். கடனுக்காக அடிமையானவன் விடுதலை பெற வேண்டும். ஒவ்வொருவனும் தன் சொந்த உறவினரிடம் திரும்பிப் போக வேண்டும். அதிகாரம் முழுவதும் தேடிப் பார்த்துவிட்டேன். பந்தலைப் பற்றியும் விழா மலரைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லை. (மலருக்காக இரவு பகலாக உழைத்த தம்பிமார் மன்னிக்க வேண்டும்.) நிலம் திரும்புவதையும் உறவு திரும்புவதையும் ஆண்டவர் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன். நமக்கு இது முதல் ஐம்பது அல்ல, இரண்டாவது ஐம்பது. முதல் ஐம்பதில் செய்யாததும் சேர்ந்து நிற்கிறது.

நம்மவர்கள் எப்படிச் சிதறினார்கள்? 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களை உலுக்கியபோது, கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டு இலங்கைத் தோட்டங்களுக்கும் நீலகிரிக்கும் போனவர்கள் பலர். ஆனைமலைக் காடுகள் தேயிலைத் தோட்டங்களாக மாறிய பிறகு வால்பாறைக்கு ஒரு கூட்டம் ஏறியது. 1888-ல் ஸ்டேன்ஸ் துரையின் பஞ்சாலை கோவையில் எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் வரிசையாகப் பெருகின. காட்டு வேலையில் இருந்த குடும்பங்கள் ஆலைச் சங்குக்குக் கண் விழிக்கத் தொடங்கின. போத்தனூர் இரயில்வே, பிற்பாடு திருப்பூர்ப் பனியன் கம்பெனி, அதன் பின் வளைகுடா நாடுகள். கிணறு வற்றியபோதெல்லாம் நம் ஊரிலிருந்து யாரோ ஒருவர் மூட்டை கட்டியிருக்கிறார்.

போனவர்களைத் தேடுவது ஆகாத காரியம் என்று நினைக்கிறீர்கள். அவ்வளவு கடினமில்லை. பல குடும்பங்களின் வழித்தடம் நம் கோவில் பீரோவுக்குள்ளேயே கிடக்கிறது.

திருச்சபை கணக்கெழுதுவதில் மிகவும் கறாரானது. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் மெய்விவாகங்களைப் பங்குக் குரு புத்தகத்தில் பதிய வேண்டும் என்று சட்டம் செய்தது. 1907-ல், பத்தாம் பத்திநாதர் பாப்புவாக இருந்த காலத்தில், 'நே தேமெரே' என்ற ஆணை வெளியாகி, மறு ஆண்டு உயிர்ப்புத் திருநாள் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒருவருக்குத் திருமணம் எந்த ஊரில் நடந்தாலும், அதை நடத்திய குரு, மணமக்கள் திருமுழுக்குப் பெற்ற கோவிலுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அங்கே உள்ள குரு திருமுழுக்குப் புத்தகத்தில் அவர்கள் பெயருக்கு நேராக ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும். இன்றுவரை அதே முறைதான். இதனால் என்ன பயன்? இங்கே ஞானஸ்நானம் பெற்ற பெண் கூடலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தால், கூடலூர்க் கோவிலின் பெயர் நம் புத்தகத்தின் ஓரத்தில் இருக்கும். அந்தக் கோவிலுக்கு எழுதினால் அவள் பிள்ளைகளின் பெயர் கிடைக்கும். அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே இன்னொரு ஊர் இருக்கும். ஓரக் குறிப்பு ஒவ்வொன்றும் அடுத்த ஊருக்குப் பயணச்சீட்டு.

நம் பங்கு தனிப் பங்காவதற்கு முந்திய பதிவுகளைத் தாய்ப்பங்கில்தான் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கருமத்தம்பட்டி எவ்வளவு பழமையான இடம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தே பிரெசிலாக் ஆண்டகை 1846-ல் ஆயராக அபிஷேகம் பெற்றது அங்கேதான். கோயமுத்தூர் 1886-ல் மறைமாவட்டமாக உயர்ந்தது. பிரெஞ்சுக் குருக்கள் இலத்தீனில் எழுதிய பக்கங்களைப் பார்த்தால் முதலில் ஒன்றும் விளங்காது. நம் ஊர்ப் பெயர்களை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ஆட்களின் பெயர் இன்னும் வேடிக்கை. வீட்டில் இராயப்பன், புத்தகத்தில் பெத்ருஸ், அவருடைய பேரன் பீட்டர். சின்னப்பன் பவுலுஸ் ஆவார், அருளப்பன் யொவான்னெஸ், சூசை யோசேபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். ஒரே மனிதரைக் கண்முன் வைத்துக்கொண்டே "இது எங்க அப்பாரு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் உண்டு.

மங்களூர்க் கத்தோலிக்கர்களிடம் டிசூசா, பின்டோ என்று குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டு வரும். நமக்கு அந்த வசதி இல்லை. சூசையின் மகன் சூ. இராயப்பன், அவர் மகன் இரா. ஜோசப், அவர் மகன் ஜோ. கிறிஸ்டோபர். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடுகிறது. அண்ணன் தம்பி பேரப்பிள்ளைகள் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தாலும் பெயரைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நமக்குப் பெயரைவிட ஊர்தான் துப்பு.

இன்னொரு புதையலையும் சொல்கிறேன். நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகன் என்று முறை பார்த்துக் கட்டுவது வழக்கம். நெருங்கிய இரத்த உறவில் மணம் முடிக்கத் திருச்சபையில் தடை உண்டு. ஆயரிடம் விலக்குப் பெற வேண்டும். 1983-ல் வந்த இன்றைய சட்டப்படி, ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்குள் மணம் என்றால் விலக்கு வேண்டும். அதற்கு முன் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இன்னும் ஒரு தலைமுறை மேலே போனது. ஆகையால் அந்தக் காலத்து மனுக்களோடு பூட்டன் பூட்டி வரைக்கும் வம்ச மரம் வரைந்து இணைத்திருக்கிறார்கள். உபதேசியார் கை எழுத்தில், கிளை கிளையாக! காரணம் என்ற இடத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். "ஊர் சிறியது, தகுந்த மாப்பிள்ளை வேறு இல்லை." "பெண்ணுக்கு 24 வயது முடிந்துவிட்டது." "சீர் கொடுக்க வகையில்லை." சட்டம் ஏற்றுக்கொள்ளும் காரணங்களைத்தான் குருக்கள் எழுதினார்கள். எழுதியதெல்லாம் உண்மையாகவும் இருந்தது.

பதிவேடுகளை உங்கள் கையில் கொடுத்துப் புரட்டிப் பார்க்கச் சொல்ல என்னால் இயலாது. பிறரறியக் கூடாத குடும்பச் செய்திகள் அவற்றில் உண்டு. நீங்கள் விவரத்தைத் தாருங்கள். நானும் உதவிக் குருவும் பார்த்துச் சொல்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. மொய் நோட்டைச் சொல்கிறேன். பழைய கல்யாணத்தில் இரண்டு ரூபாய் மொய் வைத்தவரையும் ஊரும் பேருமாக எழுதி வைப்பவர்கள் நாம். சோமனூர், சூலூர், தாராபுரம், கொடிவேரி, வால்பாறை எஸ்டேட் என்று ஐம்பது வருஷத்துக்கு முந்திய உறவுக் கணக்கு முழுவதும் அதில் இருக்கும். திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காக எழுதியது. இப்போது அந்தக் கடனைத் தீர்க்க நல்ல சமயம். பரணில் ஏறிப் பாருங்கள். பழைய பத்திரிகைகளையும் எடுங்கள். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று கீழே வரிசையாக அச்சிட்ட பெயர்களை யாரும் படிப்பதில்லை. அங்கேதான் தாய்மாமன்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

முதியவர்களிடம் கேட்கும்போது "சொந்தக்காரர் பேரெல்லாம் சொல்லு ஆத்தா" என்று கேட்காதீர்கள். திகைத்துப் போவார்கள். "சின்ன வயசில் எந்த ஊர் நோம்பிக்குப் போவீங்க? அங்கே யார் வீட்டில் தங்குவீங்க?" என்று கேளுங்கள். கருமத்தம்பட்டி மாதா தேருக்கு வண்டி கட்டிப் போனது, நடுவழியில் யார் வீட்டில் மாட்டை அவிழ்த்துக் கட்டினார்கள் என்பது, அந்த வீட்டு அம்மிச்சி என்ன குழம்பு வைத்தார் என்பது, எல்லாம் தாமாக வரும்.

பதிவேடு என்ன செய்யும் என்பதற்கு நம் பங்கிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று அந்தத் தாயார் கேட்டுக்கொண்டார்.

இலங்கை மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்களின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1948-ல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று. மீதி 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாக 1974-ல் பகிர்ந்துகொண்டார்கள். மனிதரைத் தேங்காய் போல் எண்ணிப் பிரித்தார்கள் என்று சொல்வது கடுமையாக இருக்கலாம். ஆனால் மனு போட்ட விதத்தைப் பொறுத்து, தகப்பன் இந்தியன், மூத்த மகள் இலங்கைக்காரி என்று ஒரே லயத்து வீடு இரண்டு நாடாகிப்போனது.

நம் தாயாருக்கு அப்போது பதினான்கு வயது. தகப்பனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. மணமாகியிருந்த அக்காவும் மச்சானும் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. தலைமன்னார் வரை இரயில், 'இராமானுஜம்' கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காக 1968-ல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. பிறகு நம் ஊர் ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தார். அவர்களுடைய தாய் சாகும்போது தன் காதுத் தோட்டை மூத்தவளுக்கு என்று சொல்லியிருந்தார். புறப்பட்ட அவசரத்தில் அது தங்கையின் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. "அடுத்த தரம் யாராவது போனால் கொடுத்தனுப்பலாம்" என்று கடிதத்தில் எழுதினார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடிதம் திரும்பி வந்தது. மறு ஆண்டு கப்பலும் நின்றது. அந்தத் தோட்டை அவர் ஒரு நாளும் காதில் போட்டதில்லை, வறுமையிலும் விற்கவில்லை. எனக்கு இது தெரிந்ததே சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளன்றுதான். "அக்காவை உயிரோடிருக்கிறவங்க கணக்கில வெச்சுப் பூசை கேக்கறதா, செத்தவங்க கணக்கிலயாங்க சாமி?" என்று அவர் கேட்டபோது.

அக்காவின் பங்கு எது என்று கேட்டேன். பாலம் தாண்டி இறக்கத்தில் ஒரு கோவில் என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவருடைய திருமணம் நம் கோவிலில் நடந்தது. திருமணத்துக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டுமே! பழைய திருமணக் கட்டுகளை அவிழ்த்தோம். இருந்தது. ஹட்டன் பகுதிக் கோவில் ஒன்றின் முத்திரையோடு, பழுப்பேறிய ஒரு தாள். அந்தப் பங்குத்தந்தைக்கு எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அக்காவின் திருமுழுக்கு, திருமணம், மூன்று பிள்ளைகளின் திருமுழுக்கு எல்லாம் அங்கே பதிவாகியிருந்தன. கடைசி மகளின் பெயருக்கு நேராக ஓரக் குறிப்பு: கொழும்பில் ஒரு பங்கில் திருமணம். அந்தப் பங்கின் வழியாகத் தொலைபேசி எண் கிடைத்தது.

அக்கா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பங்கு அலுவலகத்திலிருந்துதான் பேசினார்கள். நானும் கூட இருந்தேன். இவர் தன் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "சித்தி, தோடு உங்ககிட்டயா இருக்கு?"

குற்றம் சாட்டினாளா, அடையாளம் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. இவர் "இருக்கு கண்ணு, இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷம் அவர் முழந்தாளிட்டுச் செபித்த இடத்துக்கும் அந்தத் தாள் கிடந்த பீரோவுக்கும் முப்பது அடிதான் தூரம். எனக்கு முன்னிருந்தவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த மகள் நம் குடும்ப நாளுக்கு வருவதாக இருக்கிறார்.

ஆள் கிடைத்த பிறகு அழைப்பது எப்படி? இளைஞர்கள் வாட்சப் குழு ஒன்று தொடங்கி, இருநூறு பேரைச் சேர்த்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார்கள். நல்லதுதான். துபாயிலும் மும்பையிலும் இருப்பவரை அப்படித்தான் எட்ட முடியும். ஆனால் பஸ் ஏறிப் போகக்கூடிய தூரத்தில் இருப்பவருக்கு அது போதாது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் தகப்பனாருக்கு ஒரே தங்கை. அப்பாரு காலமான பிறகு நான்கு ஏக்கர் மானாவாரிக் காட்டுக்காக அத்தையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பதிலுக்கு இரண்டு பவுன் போடுவதாகச் சொன்னார்கள். மழை தவறியது, போடவில்லை. அத்தை ஒன்றும் கேட்கவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார். நான் குருப்பட்டம் பெறும்போது என் தாயார், "அத்தைக்கு நேர்ல போய் வெத்தலபாக்கு வெச்சுக் கூப்பிடு சாமி" என்று மூன்று முறை சொன்னார். எனக்கு அச்சகம், பாடகர் குழு, ஆயர் இல்லம் என்று அலைச்சல். உடுமலைப் பக்கம் போக ஒரு நாள் ஆகும். தபாலில் அனுப்பிவிட்டேன். அவர் வரவில்லை. என் கைகளை முத்தி செய்ய ஊரே வரிசையில் நின்றபோது, அவர் வந்துவிடுவார் என்று என் தகப்பனார் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் கழித்து அத்தையின் அடக்கத்துக்குப் போனேன். அத்தை மகன் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். தபால்தலை ஒட்டிய உறையோடு பத்திரமாக இருந்தது. "போலாம்மான்னு சொன்னேன். தபால்காரன் வந்து கூப்பிட்டா போறதான்னு சொல்லிட்டாங்க" என்றார்.

பங்கு மக்களே, நிலத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? நம் குடும்பங்களில் தூரத்தால் விட்டுப்போன உறவைவிட விடுதலைப் பத்திரத்தாலும் கிணற்றுப் பங்காலும் விட்டுப்போன உறவே அதிகம் என்பது என் கணிப்பு. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நம் பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது தங்கள் சொந்தப் பங்கை. அதைப் பெற்றுக்கொண்டவர்கள், பொறந்தவளைக் குடும்ப நாளுக்குக் கூப்பிடப் போகும்போது வெற்றிலை பாக்கோடு வேறென்ன கொண்டுபோக வேண்டும் என்பதைத் தாங்களே யோசிக்கட்டும். சொன்ன பவுனாவது போடப்பட்டதா? நீண்ட நாள் போகாத வீட்டுக்குப் போய் நின்றால், "இப்ப எதுல கையெழுத்து வேணும்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். வேறு சாதியில் மணந்ததற்காகவும், வேறு சமயத்தவரை மணந்ததற்காகவும், வேறு சபைக்குப் போய்விட்டதற்காகவும் விலக்கி வைக்கப்பட்டவர்கள். இவர்கள் முகவரியை யாரும் தேட வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். போன வாரம் ஒருவர் என்னிடம் வந்து, "அவிய வந்தா நாங்க வரமாட்டமுங்க சாமி" என்றார். அவர் நல்லவர், கோவிலுக்கு உழைப்பவர். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஆண்டவருடைய வம்ச வரிசை இருக்கிறது. அதில் தாமார் இருக்கிறாள், இராகாபு இருக்கிறாள், மோவாபு நாட்டு ரூத்து இருக்கிறாள், உரியாவின் மனைவியாய் இருந்தவளும் இருக்கிறாள். நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பட்டியலை எழுதியிருந்தால் நான்கு பேரையும் அடித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குங்க வெளிய தெரியணும்" என்றிருப்பார்கள். நம் குடும்ப நாளின் அழைப்புப் பட்டியல் பங்கு அலுவலகத்தில் தயாராகும். அதிலிருந்து பெயரை அடிக்க யாருக்கும் அனுமதி இல்லை, எனக்கும் இல்லை. அழைத்த பின் வருவதும் வராததும் அவரவர் விருப்பம்.

சில நடைமுறைச் செய்திகள். அடுத்த ஞாயிறு முதல் இரண்டாம் பூசை முடிந்து பகல் ஒரு மணி வரை அலுவலகம் திறந்திருக்கும். மொய் நோட்டு, பழைய பத்திரிகை, பழைய கடித உறை, கல்லறைக் கல்லில் எழுதியிருப்பதைப் படம் பிடித்தது, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். ஊர்ப் பெயரும் தோராயமான வருஷமும் இருந்தால் போதும். வெளியூர்ப் பங்குகளுக்குக் கடிதம் நானே எழுதுகிறேன். தபால் செலவு பங்கைச் சேர்ந்தது. பதில் வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் கொடியேற்றம் நெருங்கும்வரை காத்திராதீர்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் அவரிடம் இன்றிரவே பேசுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலைத் திருப்பலி ஐந்தரை மணிக்கே நடைபெறும். கோவில்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். ஆறரை மணிப் பேருந்தில் நான் உடுமலைக்குப் போகிறேன். அத்தை மகன் வீட்டில் ஆள் இருப்பார்களா என்று விசாரித்துக்கொண்டேன். பத்திரிகை இன்னும் அச்சாகி வரவில்லை. வெற்றிலை பாக்கும் பழமும் வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன். தகப்பனாரின் பங்குக்கு வந்த காட்டை விற்ற கணக்கு என் தம்பியிடம் இருக்கிறது. அவனும் என்னோடு வருகிறான்.